மூன்று எழுத்து கொடுப்பார் சம்பத் சார்

காந்தி மார்க்கெட்டில் எங்கள் மண்டி வாசலில் வெங்காய லாரி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் செய்தி வந்தது. நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் வாட்ஸ்அப் குழுவில் சம்பத் சாரின் மனைவி ஜெயா மாமியின் நம்பரிலிருந்து ஒரே ஒரு வரி: "சம்பத் ஸ்வாமி இன்று காலை ஆசார்யன் திருவடி அடைந்தார்." நான் அதைப் படித்து முடிப்பதற்குள் காட்டூரிலிருந்து பிலோமினா போன் செய்தார். "காதர் பாய், சம்பத் சார் யாரையோ பார்க்கப் போயிருக்காராமே! இந்த உடம்போடயா? மாமிக்குப் புத்தி இருக்கா இல்லையா?" என்று கேட்டார். "செத்துட்டாருங்க" என்றேன். லோடுமேன்கள் போட்ட சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "செத்துட்டாருங்க, செத்துட்டாரு!" என்று கத்தினேன். மூட்டை தூக்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

இன்னாலில்லாஹி சொன்னேன். சொல்லிவிட்டு, அடுத்த மூட்டையைப் பிரித்து அழுகல் இருக்கிறதா என்று பார்த்தேன். அழுகை வரவில்லை. வெங்காய மண்டியில் நிற்கிறவனுக்கு அது ஒன்றுதான் சுலபமாக வரும். அன்றைக்கு அதுவும் வரவில்லை.

சம்பத் சாரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுத நீங்கள் என்னைத்தான் கேட்டீர்கள். கடைசிக் காலத்தில் வாராவாரம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தவன் என்பதால் நானே பொருத்தம் என்றீர்கள். நல்லதாக நாலு வார்த்தை எழுதினால் போதும் என்றும் சொன்னீர்கள். நல்லதாக நாலு வார்த்தை வேண்டுமென்றால் வேறு யாரிடமாவது கேட்டிருக்க வேண்டும். எனக்குத் தெரிந்த சம்பத் சார் நல்லவர் இல்லை. நானும் அவரிடம் நல்லவனாக நடந்துகொள்ளவில்லை.

நம் கூட்டத்தை அறியாதவர்கள் கைக்கும் இது போகும் என்பதால் சொல்லிவிடுகிறேன். உறையூரில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் மாடியில் ஞாயிறு காலை பத்து மணிக்கு ஏழு பேர் கூடுவோம். ஒருவர் இங்கிலீஷ் எழுத்து மூன்றைக் கொடுப்பார். அந்த மூன்றும் அதே வரிசையில் சேர்ந்து வருகிற ஒரு இங்கிலீஷ் சொல்லை மற்றவர் சொல்ல வேண்டும். சொன்னால் மட்டும் போதாது, தமிழில் பொருளும் சொல்ல வேண்டும். பத்து எண்ணுவதற்குள் முடியாவிட்டால், கீழே கடையிலிருந்து வரும் டீயை நின்றுகொண்டு குடிக்க வேண்டும். அவ்வளவுதான் தண்டனை. கேட்பவர்களுக்குச் சிரிப்பாக இருக்கும். அறுபதை நெருங்குகிற மனுஷன், ஆறு பேர் உட்கார்ந்து டீ குடிக்கும்போது பள்ளிக்கூடத்துப் பையனைப் போல நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவனுக்குத்தான் தெரியும்.

அந்தத் தண்டனையைக் கண்டுபிடித்தவர் சம்பத் சார். ஓர் அச்சகத்தில் முப்பது வருஷம் புரூஃப் பார்த்தவர். அவருக்கு முன்னால் ஒரு சொல் தப்பாகப் போய்விட முடியாது, மனுஷனும் போய்விட முடியாது. எனக்கு இங்கிலீஷ் பைத்தியம் பிடித்தது கல்ஃபில் ஒரு குடோனில் வேலை பார்த்தபோது. எனக்கு முன்னால் அந்த அறையில் இருந்தவன் விட்டுப்போன, அட்டை கிழிந்த டிக்‌ஷனரி ஒன்றுதான் எட்டு வருஷமும் எனக்குத் துணை. ஊருக்கு வந்து மண்டியில் உட்கார்ந்த பிறகு அந்தச் சொற்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆகையால் நம் கூட்டம் கிடைத்தபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று சொல்லி முடியாது.

முதல் ஞாயிறே சம்பத் சார் எனக்கு டபிள்யூ, கே, டபிள்யூ கொடுத்தார். அப்படி ஒரு சொல் உலகத்தில் இருக்க முடியாது என்றேன். அவர் நிதானமாகப் பத்து வரை எண்ணினார். நான் டம்ளரோடு எழுந்து நின்றதும், "அக்வர்ட்" என்றார். "பொருள் கேக்கறீரா ஓய்? இப்போ நீர் நின்னுண்டிருக்கீரே, அதுதான்." எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள், எனக்கு ஞாபகம் இருக்கிறது.

இன்னொரு ஞாயிறு யு, யு, எம் வந்தது. எனக்கு உயிரே வந்தது. கல்ஃபில் தினமும் தள்ளிய சாமான் ஆயிற்றே! "வேக்குவம்" என்று கத்தினேன். பொருள் கேட்டார். தூசி உறிஞ்சுகிற மிஷின் என்றேன். சம்பத் சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தாலே யாருக்கோ கிரகசாரம் என்று நமக்கெல்லாம் தெரியும். "வெற்றிடம், ஓய். வெற்றிடம்! தேடிண்டு எங்கேயும் போக வேண்டாம், கழுத்துக்கு மேலேயே வச்சிண்டிருக்கீர்" என்றார். அதோடு, அவர் அடிக்கடி சொல்வாரே, அதையும் சொன்னார்: "பொருள் தெரியாம சொல்லை வச்சுக்கறது, அடுத்தவன் சட்டையைப் போட்டுண்டு கல்யாணத்துக்குப் போறாப்போல." அன்றைக்கும் நின்றேன். பதினோரு வருஷத்தில் நான் உட்கார்ந்து குடித்த டீயை விட நின்று குடித்ததே அதிகம்.

என்னை மட்டுமா? பிலோமினா ஒரு தடவை மேஜைக்கு அடியில் போனை வைத்துக்கொண்டு மூன்று எழுத்தையும் தட்டினார். இப்போதெல்லாம் எழுத்தைப் போட்டால் போதும், சொற்கள் வரிசையாக வந்து விழுந்துவிடும். சம்பத் சார் பார்த்துவிட்டார். போனை வாங்கி, வந்திருந்த அத்தனை சொல்லுக்கும் பொருள் சொல்லும்வரை அவரை உட்கார விடவில்லை. மூட்டு வலிக்காரி. கணவர் இறந்து ஆறு மாதம் ஆகவில்லை. நான் நியாயம் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நிற்பது நான் இல்லை என்ற நிம்மதியில் உட்கார்ந்து டீ குடித்தேன். பிலோமினா மூன்று மாதம் வரவில்லை, பிறகு வந்தார். ஏன் வந்தீர்கள் என்று கேட்டதற்கு, "எங்க போனாலும் பாவம் பாவம்ங்கறாங்க பாய். இந்த ஆளு ஒருத்தர்தான் என்னைத் திட்டுறாரு" என்றார். அப்போது எனக்கு அது புரியவில்லை.

போன வருஷம் சம்பத் சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சும் போய்விட்டது. புத்தி தெளிவாக இருக்கிறது, சொல்தான் வாய்க்கு வரவில்லை என்று டாக்டர் சொன்னதாக மாமி சொன்னார். கேட்டதும் எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்கப் போவதில்லை. நன்றாக வேண்டும் என்று தோன்றியது. உலகத்தில் இத்தனை நோய் இருக்க, தேடிப் பிடித்து இதையா கொடுத்தாய் ரப்பே என்று உள்ளுக்குள் சிரித்தேன்.

எல்லோருமாகச் சேர்ந்து ஸ்ரீரங்கத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். பிலோமினா குழந்தையிடம் பேசுவதுபோல, "சார் சமத்தா சாப்பிடணும், சரியா?" என்றார். சம்பத் சார் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண், ஆப்பிள் படமும் பந்து படமும் போட்ட அட்டைகளை விட்டுப்போயிருந்தாள். அதை எடுத்தாலே இடது கையால் தட்டிவிடுகிறார் என்று மாமி சொன்னார். கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "காதர், செவ்வாய்க்கிழமை ஒரு மணி நேரம் வந்து இவரோட உட்கார முடியுமா? உங்க விளையாட்டையே விளையாடுங்கோ. அந்த நேரத்துல நான் ஓடிப்போய்ப் பெருமாளைச் சேவிச்சுட்டு வந்துடுவேன். மூணு மாசமாச்சு, பக்கத்துத் தெருவிலேயே இருந்துண்டு போக முடியலை."

சரி என்றேன். மாமி கண்கலங்கி, நீங்கள் நன்றாக இருக்கணும் என்றார். நான் ஒப்புக்கொண்டது மாமிக்காக இல்லை. அந்த மனுஷன் தோற்பதை ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும், அதற்காக.

முதல் செவ்வாய். மாமி பிளாஸ்கில் காபி வைத்துவிட்டுக் கோவிலுக்குப் போனார். நான் சம்பத் சார் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். "சார், டபிள்யூ, கே, டபிள்யூ" என்றேன். அவருக்கு அந்தச் சொல் தெரியும், எனக்குக் கொடுத்ததே அவர்தான். உதடு கோணி, வாயில் எச்சில் நுரைத்தது, ஒரு சத்தம் வந்தது, சொல் வரவில்லை. நான் நிதானமாக எண்ணினேன். ஏழு, எட்டு. அவர் கண் என்னை விட்டு நகரவில்லை. ஒன்பது, பத்து.

"எந்திரிங்க சார்" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று எழுதிவிட்டால் எனக்கு நல்லது. அப்படிச் சொல்லவில்லை. எழ முடியாது என்று தெரிந்துதான் சொன்னேன். ஆனால் அவர் இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்தார். கட்டிலின் விளிம்புக்கு நகர்ந்தார். இரண்டு தடவை பின்னால் விழுந்தார். நான் நாற்காலியை விட்டு எழவில்லை. மூன்றாவது தடவை நின்றுவிட்டார்! தோளைச் சுவரில் சாய்த்து, கம்பியை விட்டுவிட்டு, காபிக்குக் கையை நீட்டினார். கொடுத்தேன். பாதி வாயில் போனது, பாதி வேட்டியில் கொட்டியது. நான் துடைக்கவில்லை. பதினோரு வருஷம் நின்றதற்கு அன்று வயிறு நிறைந்தது.

மாமி துளசியோடு உள்ளே வந்தபோது அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். மாமி வேட்டிக் கறையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று செருப்பைத் தேடினேன். மாமி தாழ்ந்த குரலில், "தானாவா எழுந்துண்டார்?" என்று கேட்டார். "பிசியோதெரபிக்காரர் வந்தா கட்டை மாதிரி கிடக்கறார், காதர். அடுத்த வாரமும் வாங்கோ. என்ன பண்ணேளோ, அதையே பண்ணுங்கோ."

வீட்டுக்கு வந்து என் மனைவி மெஹரிடம் சொன்னேன். சோறு போட்டுக்கொண்டிருந்தவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். "நீங்கல்லாம் மனுஷன்தானா?" என்று கேட்டாள். மாமியே வரச் சொன்னார் என்றேன். "அவங்களுக்கு வேற நாதி இல்லை, சொல்லுவாங்க. உங்களுக்கு எங்க போச்சு?" என்றாள். நானே சோற்றைப் போட்டுக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த செவ்வாயும் போனேன். அதற்கடுத்ததும் போனேன். ஒரு தடவை பாவம் பார்த்து சி, ஏ, டி கொடுத்தேன், பூனை என்று ஒன்றாம் வகுப்புக் குழந்தை சொல்லும். சம்பத் சார் என் தொடையில் ஓங்கி ஓர் அடி வைத்தார். இடது கைதான், இருந்தாலும் சுரீரென்றது. அதற்குப் பிறகு சுலபமான எழுத்து கொடுக்கவே இல்லை. தோற்றார், நின்றார், குடித்தார். ஜன்னல் கம்பியைப் பிடிக்காமலே எழ ஆரம்பித்தார்.

ஏழாவது வாரம் பி, எச், எல் கொடுத்தேன். எட்டு எண்ணும்போது அவர் தொண்டையில் ஏதோ உருண்டது. "ஃப்ளெம்" என்றார். சொல்லிவிட்டார்! ஆனால் விதி விதிதான். "பொருள்?" என்றேன். கழுத்து நரம்பு புடைத்தது. "ச... ச... சளி!" அல்லாவே, நான் எழுந்து கைதட்டிவிட்டேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் துளி நன்றி இல்லை. இதற்கெல்லாமா தட்டுவார்கள் என்பதுபோல எரிச்சலாகப் பார்த்தார்.

அன்றிலிருந்து நான் கெட்டுப்போனேன் என்று சொல்ல வேண்டும். மண்டியில் மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அட்டை கிழிந்த டிக்‌ஷனரியைப் புரட்டினேன். செவ்வாய்க்கு என்று தனியாகச் சொற்களைப் பொறுக்கி வைத்தேன். அவர் எதில் தடுமாறுவார், எதைச் சட்டென்று பிடிப்பார் என்று யோசித்தேன். பழி வாங்கப் போனவன் எப்போது அதை மறந்தேன் என்று எனக்கே தெரியாது. நான்தான் அவருக்குப் பேச்சைத் திருப்பிக் கொண்டுவந்தேன் என்று மனசுக்குள் ஒரு மிதப்பு. ஒரு நாள் இல்லாவிட்டால் ஒரு நாள், "காதர், நீர் இல்லேன்னா நான் இல்லை" என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

பத்தாவது செவ்வாய் நான் கொடுத்த மூன்றையும் சொல்லிவிட்டார். பிறகு, நோய் வந்த நாளிலிருந்து முதல் தடவையாக, அவர் எனக்கு எழுத்து கொடுத்தார். எச், டி, எச். நான் திகைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். சொல்லைத் தேடவே இல்லை, அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பத்து வரை எண்ணிவிட்டு, "எய்த்த்... எட்டாவது" என்றார். "சார், நீங்க பேசுறீங்க சார்! நல்லாப் பேசுறீங்க!" என்று சிரித்துக்கொண்டே அவர் கையைப் பிடித்தேன்.

கையை உதறினார். ஒரு இடத்தில்கூடத் தடுக்காமல், பழைய சம்பத் சாராக, சொன்னார்: "ஓய் காதர், பதினோரு வருஷமா வரீர், ஒரு சொல்லாவது உம்மகிட்ட ஒட்டித்தா? உமக்கு வெங்காயம்தான் லாயக்கு, மண்டியிலேயே கிடவும்."

எழுந்துவிட்டேன். வாசலில் மாமி கோவிலிலிருந்து வந்துகொண்டிருந்தார், ஏதோ கேட்டார். என் கண்ணில் தண்ணீர். தாண்டிப் போய்ப் பஸ் ஏறினேன். அன்றோடு சரி. பிறகு அந்த வீட்டுக்குப் போகவே இல்லை.

மாமி போன் செய்தார். லோடு வந்திருக்கிறது மாமி, அடுத்த வாரம் பார்க்கிறேன் என்றேன். மறுபடி செய்தார். எனக்குக் காய்ச்சல் என்றேன். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. உடம்பு விழுந்த மனுஷனிடம் ரோஷம் பாராட்டிக்கொண்டு, செவ்வாய் மத்தியானங்களில் மண்டியில் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தேன். மெஹர் ஒன்றும் கேட்கவில்லை, கேட்டிருந்தால் அவள் மேலும் விழுந்திருப்பேன். இப்படிப் பதினேழு செவ்வாய் போயிற்று. அதற்குப் பிறகுதான் அந்த ஒரு வரி வந்தது.

உடனே போகத் தைரியம் இல்லை. காரியமெல்லாம் முடிந்து, வீட்டில் கூட்டம் குறைந்த பிறகு போனேன். மாமி தீர்த்தம் கொடுத்து உட்காரச் சொன்னார். நான் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தேன். மாமிதான் பேசினார்.

"நீங்க வராம போனதுக்கப்புறம் அவர் வாயைத் திறக்கலை, காதர். ஆனா செவ்வாய்க்கிழமை ஆனா வெளுத்த வேட்டி கட்டிவிடணும். கட்டிண்டு, தானா எழுந்து நாற்காலியில உட்கார்ந்துப்பார். நாலு மணிக்கப்புறம் படுத்துண்டுடுவார். நான் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டார். போகப் போக எழுந்துக்கறதும் நின்னுபோச்சு." மாமி என் எதிரில் உட்கார்ந்துகொண்டார். "உங்களை ஒண்ணு கேக்கணும்னு காத்துண்டிருந்தேன். அன்னிக்கு நான் உள்ளே வரச்சே அவர் குரல் கேட்டுது. நீளமா, ஒரு வாக்கியம். வார்த்தை காதுல விழலை. நீங்க அழுதுண்டே போனேள், சந்தோஷத்துல அழறேள்னு நினைச்சேன். நாப்பத்திரண்டு வருஷம் குடித்தனம் பண்ணேன், கடைசியா முழுசா பேசினது உங்ககிட்டதான். என்ன சொன்னார்?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. மாமியைப் பற்றிக் கேட்டார், நல்லபடியாகப் பார்த்துக்கொள்கிறாள் என்றார், இப்படி ஏதாவது. சொல்லியிருந்தால் மாமி கடைசிவரை அதை வைத்துக்கொண்டு இருந்திருப்பார். முடியவில்லை. அவர் சொன்னதை அப்படியே, ஓய் என்பதுகூட விடாமல், சொன்னேன்.

மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். சிரிக்கிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "தடுக்கவே இல்லையா?" என்று கேட்டார். தடுக்கவில்லை மாமி என்றேன். "அப்போ அவர்தான். அவரேதான். திரும்பி வந்துட்டார்!" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் முகத்தைப் பார்த்து, கோபமில்லாமல், தெரிந்துகொள்வதற்காகக் கேட்பதுபோலக் கேட்டார்:

"இதுக்கா வராம இருந்தேள்?"

நண்பர்களே, நீங்கள் அவருடைய சொற்களையும் சிரிப்பையும் வைத்துக்கொள்ளுங்கள். சம்பத் சாரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு வாக்கியம். பதினேழு செவ்வாய் அவர் வேட்டி கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததற்கும், அந்தப் பதினேழு செவ்வாயும் மாமி பக்கத்துத் தெருக் கோவிலுக்குப் போக முடியாமல் இருந்ததற்கும், என்னால் சொல்ல முடிந்த காரணம் அது ஒன்றுதான். மாமியிடம் சொல்லிப் பார்த்தேன். அது போதவில்லை.